குளம் வற்றினால் மீன் கூடுமா? பராக்கிரம சமுத்திரத்து மீன்களும் அவற்றின் பருவங்களும்

ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் பொலன்னறுவைப் பக்கம் குளத்து மீன் மலிவு. கதுருவெலையிலும் சுற்றியுள்ள எங்கட ஊர்களிலும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பெட்டி கட்டி வருகின்ற மீன் வியாபாரிகளைக் கேட்டால், "இப்ப மீன் காலம், தண்ணி வத்துது, மீன் கூடிட்டு" என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் குளம் நிரம்பித் தளும்பும்போது அதே வியாபாரி, "தண்ணி கூட, மீன் இல்ல" என்பார். சந்தையை வைத்துப் பார்த்தால் இரண்டு பேச்சும் சரிதான். குளத்தை வைத்துப் பார்த்தாலும் சரியா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

வலையில் விழுகின்ற மீனின் அளவும் குளத்தில் இருக்கின்ற மீனின் அளவும் ஒன்றல்ல. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கவும் கூடும். இந்த ஒரு விடயம் விளங்காததனால்தான் எந்தக் காலத்தில் கையை அடக்க வேண்டுமோ அந்தக் காலத்தில் நாம் கூடுதலாக அள்ளுகிறோம். இதை விளக்குவதற்குப் பராக்கிரம சமுத்திரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் குளங்களுக்குள் நீரியல், உயிரியல் ரீதியாக மிக விரிவாக ஆராயப்பட்டவற்றுள் இது முதன்மையானது. ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் ஷீமர் தொகுத்து 1983இல் வெளியான ஆய்வு நூல் இந்த ஒரு குளத்தையே பொருளாகக் கொண்டது. எமது நாட்டு ஆய்வாளர்களான சேன டி சில்வா, உபாலி அமரசிங்க போன்றோரும் இக்குளத்து மீன்வளம் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் இவை ஆங்கிலத்தில் கிடக்கின்றன. குளத்து மீனை வாங்கிச் சமைக்கின்ற வீடுகளுக்கு அவை வந்து சேரவில்லை.

குளமும் அதன் தண்ணீரும்

பராக்கிரம சமுத்திரம் பெயரால் ஒன்று. உண்மையில் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட குளங்களின் கூட்டம். வடக்கே தோப்பாவெவ, நடுவே எரமுதுவெவ, தெற்கே தும்புட்டுலுவெவ. இவற்றுள் தோப்பாவெவ மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் இவற்றை இணைத்துப் பெருங்குளமாக்கினான். பின்னர் பல நூற்றாண்டுகள் காடடைந்து கிடந்த குளம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடியேற்றத் திட்டங்களோடு திருத்தப்பட்டது. குளக்கட்டின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீற்றர். நிரம்பிய வேளையில் நீர்ப்பரப்பு 2,000 ஹெக்டயருக்கு மேல். இவ்வளவு பரப்பு இருந்தும் சராசரி ஆழம் ஏறத்தாழ 5 மீற்றர்தான். ஆழம் குறைந்து பரப்புக் கூடிய குளம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படியான குளத்தில் நீர்மட்டம் 1 மீற்றர் இறங்கினாலே கரை வெகுதூரம் உள்ளே போய்விடும்.

குளத்துக்குத் தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கின்ற மாரி மழை. பொலன்னறுவையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடுகிறது. மற்றது, அங்கமெடில்ல அணையில் அம்பன் கங்கையைத் திருப்பி வாய்க்கால் மூலம் தெற்கு முனையில் கொண்டுவந்து சேர்க்கின்ற ஆற்று நீர். 1976இல் பொல்கொல்லையில் மகாவலியைத் திருப்பிய பிறகு அம்பன் கங்கையில் மகாவலித் தண்ணீரும் சேர்ந்தது. 2018இல் திறந்துவைக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கம் அந்த அம்பன் கங்கைக்குக் குறுக்கே இருக்கிறது. ஆகவே இன்று இக்குளத்தின் நீர்மட்டத்தை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மேலே இருக்கின்ற நீர்த்தேக்கங்களைத் திறக்கின்ற கையும், கீழே வயலுக்குத் துருசைத் திறக்கின்ற கையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பெரும்போகத்துக்கு மாரி மழை கைகொடுக்கும். சிறுபோகம் பெரும்பாலும் குளத்துத் தண்ணீரை நம்பியது. ஏப்ரல், மே தொடக்கம் துருசு திறந்திருக்கும். கச்சான் காற்றும் வெயிலும் வேறு தண்ணீரைக் குடிக்கும். ஓகஸ்ட் முடிவிலும் செப்டெம்பரிலும் குளம் அடிமட்டத்தைத் தொடுகிறது. பிறகு ஒக்டோபர் மழையோடு திரும்ப ஏறுகிறது. வருடா வருடம் நடக்கின்ற இந்த ஏற்ற இறக்கந்தான் மீனுக்கு நாட்காட்டி.

ஆற்று மீன்கள் குளத்துக்கு வந்த கதை

இலங்கையில் இயற்கையான பெரிய ஏரிகள் கிடையாது. மகாவலி வெள்ளம் தேங்கி உண்டாகின்ற வில்லுகளைத் தவிர, நாம் காண்கின்ற பெருங்குளங்கள் எல்லாம் மனிதர் கட்டியவை. ஆதலால் எமது நன்னீர் மீன்கள் ஏரிக்காக உண்டான மீன்கள் அல்ல. அவை ஆற்றுக்கும் ஓடைக்கும் சதுப்புக்கும் உரியவை. இலங்கையில் 90க்கு மேற்பட்ட நன்னீர் மீனினங்கள் உண்டு. அவற்றில் அரைவாசிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. அந்தத் தனியினங்களில் மிகப் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரவலய ஓடைகளில் வாழ்கின்றன. பொலன்னறுவை போன்ற உலர்வலயத்துக் குளங்களில் இருப்பவை பெரும்பாலும் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கப் பழகியவை.

இவற்றை வாழும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்ப்பது இலேசு.

கரையோரப் புல்லுக்குள்ளும் தாமரைக்குள்ளும் இருப்பவை: விரால் (சிங்களத்தில் லூலா), பனையேறி (காவையா), ஹுங்கா. இவை தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை மட்டும் நம்பி இருப்பவை அல்ல. மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் சேற்றுக் குட்டையிலும் சாகாமல் கிடக்கின்றன. மழை இரவில் பனையேறி தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து மற்றக் குட்டைக்குப் போவதும் இதனால்தான்.

அடித்தளத்தில் இருப்பவை: கெளுத்தி வகைகள், ஆரல், உழுவை, விலாங்கு. விலாங்கின் கதை வித்தியாசமானது. அது வளர்வது ஆற்றிலும் குளத்திலும், முட்டையிடுவது கடலில். கடலில் பிறந்த குஞ்சு ஆற்றுவழியே இவ்வளவு தூரம் ஏறி வர வேண்டும். வழியில் அணை ஒவ்வொன்றாக எழ எழ அதன் பாதை சுருங்குகிறது. நம்மவர்களில் பலர் விலாங்கைப் பாம்பென்று நினைத்துத் தொடுவதில்லை. ஷாபிஈ மத்ஹபின்படி செதில் இல்லாத மீனும் ஆகுமானதே. பிடிக்காவிட்டால் சாப்பிடாமல் விடலாம், ஆனால் அது மீன்தான்.

கெண்டைக் குடும்பத்தார்: சிங்களத்தில் பெத்தியா என்று முடிகின்ற பெயர்களையுடைய பல இனங்கள் இதற்குள் வரும். கட்டு பெத்தியா, மஸ் பெத்தியா, தங்கொல பெத்தியா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. நாமோ எல்லாவற்றையும் சேர்த்துக் "குட்டிக் கெண்டை" என்று முடித்துவிடுகிறோம். வெவ சாலயா என்கின்ற வெள்ளி நிறப் பொடிமீனும் இக்குடும்பத்ததே. சாலயா என்பது கடலில் உள்ள சாளை. குளத்துப் பொடிமீன் கூட்டமாகப் போவதையும் மினுங்குவதையும் பார்த்து மக்கள் "குளத்துச் சாளை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், உண்மையான சாளைக் குடும்பத்து மீன் ஒன்றும் இதே குளத்தில் இருக்கிறது. எஹிராவ என்கின்ற விரல் நீளங்கூட இல்லாத மீன் அது. பராக்கிரம சமுத்திரத்தில் அதன் எண்ணிக்கையையும் வாழ்வையும் ஆராய்ந்து 1984இல் கட்டுரை வெளிவந்திருக்கிறது.

மீதமிருப்பது குளத்தின் நடுப்பகுதி, கரையிலிருந்து விலகிய திறந்த தண்ணீர். ஆற்று மீன்களில் சிலதான் அங்கே போய் வாழப் பழகியவை. எஹிராவ, முரல், சில பொடிமீன்கள், அவ்வளவுதான். பெரிய மீன் எதுவும் அந்த இடத்தை முழுமையாகப் பிடித்துக்கொள்ளவில்லை. உணவு இருந்தது, உண்ண ஆள் குறைவு. திலாப்பியாவுக்குக் கதவு திறந்திருந்தது அங்கேதான்.

திலாப்பியா

ஆபிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் குளங்களில் வீட்டுக்கு வேண்டியதைத் தூண்டில், வீச்சுவலை, கரப்பு கொண்டு பிடித்தார்களே தவிர, தொழில் என்று சொல்லத்தக்க குளத்து மீன்பிடி இருந்ததில்லை. சில வருடங்களுக்குள் நிலைமை மாறியது. குளத்து அடியில் படிகின்ற உக்கலையும் பாசியையும் தின்று வளரக்கூடிய மீன் அது. எமது மீன்களில் பல தொடாத உணவு. இன்றுவரை பெருங்குளங்களின் பிடியில் பெரும்பங்கு திலாப்பியாதான். பின்னால் வந்த நைல் திலாப்பியாவும் அதனோடு கலந்துவிட்டது.

திலாப்பியா இவ்வளவு பெருகியதற்கு இன்னொரு காரணம் அதன் குஞ்சு பேணும் முறை. ஆண் மீன் கரையோரத்து ஆழமற்ற தண்ணீரில் வட்டமாகக் குழி தோண்டும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்துத் தனியே நீந்தும்வரை ஏறத்தாழ இரண்டு கிழமை வாயிலேயே வைத்துக் காக்கும். அந்த நாட்களில் தாய் உண்பதும் மிகக் குறைவு. ஆற்று வெள்ளத்தை எதிர்பார்க்கத் தேவையில்லை, ஓடைக்கு ஏறத் தேவையில்லை. தேவைப்படுவது கரையோரத்தில் கொஞ்சக் காலம் அசையாமல் நிற்கின்ற ஆழமற்ற தண்ணீர் மட்டும்.

இதற்கு எதிர்மாறு கட்லா, ரோகு, மிரிகால் போன்ற இந்தியக் கெண்டைகளும் சீனக் கெண்டைகளும். இவை குளத்தில் நன்றாக வளரும், ஆனால் அங்கே இனம்பெருக்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் பண்ணையில் பொரிப்பித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட வேண்டும். பெட்டியில் பெரிய ரோகு ஒன்றைக் கண்டால் அது யாரோ விட்ட குஞ்சு என்று விளங்கிக்கொள்ளலாம். திலாப்பியாவும் பெத்தியாவும் விராலும் குளம் தானாகத் தருபவை. குஞ்சு விடுவது நின்றாலும் அவை இருக்கும், நாம் அவற்றைப் பெருக விட்டால்.

மாரி: மீன் உண்டாகின்ற காலம்

ஒக்டோபரில் முதல் பெருமழை விழுந்து வாய்க்கால்களில் கலங்கல் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கெண்டைக் குடும்பத்து மீன்களில் பல தண்ணீருக்கு எதிராக ஏறும். குளத்துக்குள் வந்து விழுகின்ற ஓடைகளிலும் புதிதாக மூழ்கிய புல்வெளிகளிலும் முட்டையிடும். விராலும் இக்காலத்தில் புல்லுக்குள்ளே இணைசேர்ந்து முட்டையிட்டுக் காவல் இருக்கும். பொரித்த குஞ்சுகள் செக்கச் செவேலென்று ஒரு பந்தாகத் திரண்டு மேலே வந்து வந்து போகும். தாயும் தகப்பனும் கீழே நிற்கும்.

தண்ணீர் ஏறுகின்றபோது குளத்தின் உள்ளே இன்னொரு வேலை நடக்கிறது. கோடையில் காய்ந்து கிடந்த குளத்துப் படுகையில் புல் முளைத்திருக்கும், மாடும் எருமையும் மேய்ந்து சாணம் போட்டிருக்கும். அந்த நிலம் மூழ்கியதும் புல்லும் சாணமும் உக்கித் தண்ணீருக்கு உரமாகின்றன. நுண்ணிய பாசி பெருகுகிறது. பாசியைத் தின்கின்ற நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவையெல்லாம் குஞ்சு மீனுக்குச் சாப்பாடு. மூழ்கிய புல்லும் செடியும் குஞ்சுகளுக்கு ஒளிந்துகொள்ள இடமும் கொடுக்கின்றன. நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, மீனுக்கு மூழ்கிய கரை அப்படி. மாரியில் தண்ணீர் எவ்வளவு உயர்ந்து எவ்வளவு காலம் நின்றதோ, அதன் பலன் பிந்திய மாதங்களிலும் பிந்திய வருடங்களிலும் வலையில் தெரியும்.

அப்படியானால் மாரியில் மீன் கிடைக்காதது ஏன்? தண்ணீர் பரந்துவிட்டது. அதே மீன், அல்லது அதிலும் கூடிய மீன், பல மடங்கு தண்ணீரில் சிதறி நிற்கிறது. தோணிக்காரர் போடுகின்ற வலையின் நீளம் கூடவில்லை. காற்றும் மழையும் தொழிலுக்குப் போகின்ற நாட்களைக் குறைக்கின்றன. மூழ்கிய மரஞ்செடிக்குள் வலை போடவும் முடியாது. "மீன் இல்ல" என்கிற வார்த்தை பிறப்பது இப்படித்தான். மீன் மிகுதியாக உண்டாகிக் கொண்டிருக்கின்ற காலத்தைத்தான் நாம் மீன் இல்லாத காலம் என்கிறோம்.

கோடை: மீன் அகப்படுகின்ற காலம்

ஜூன், ஜூலை தொடக்கம் தண்ணீர் இறங்க இறங்க, மூழ்கிய கரை திரும்பத் தரையாகிறது. மீன் எல்லாம் நடுக்குளத்துக்கு நெருங்குகின்றன. அதே வலை அதே நேரத்தில் இரட்டிப்புப் பிடிக்கும். சந்தையில் விலை விழும். குளத்தில் மீன் கூடியதால் வந்த விளைவு அல்ல இது. ஒரு மண்டபத்தில் பரவலாக இருந்த ஆட்களை ஓர் அறைக்குள் விட்டால் கூட்டம் பெரிதாகத் தெரிவது போன்றது.

இந்த நெருக்கத்தில் மீனுக்கு வருகின்ற ஆபத்துகள் பல. முதலாவது, தண்ணீர் வேகமாக இறங்கினால் திலாப்பியாவின் குழிகள் தரையில் நின்றுவிடும். கரையோரம் நடந்து பார்த்தால் காய்ந்த சேற்றில் வட்டவட்டமாகத் தட்டுப் போன்ற பள்ளங்கள் தெரியும். கூடு கட்டிய இடத்திலிருந்து தண்ணீர் இறங்கிப் போனதற்கு அடையாளம் அவை. மெல்ல இறங்கினால் ஆண் மீன் கீழே போய் வேறு குழி தோண்டும். துருசு முழுக்கத் திறந்து சட்டென்று இறங்கினால் அதற்கும் அவகாசம் இல்லை. இரண்டாவது, பறவைகள். நீர்க்காகங்கள் கூட்டங்கூட்டமாக இறங்கும். 1983ஆம் ஆண்டு நூலில் இக்குளத்து நீர்க்காகங்கள் பற்றித் தனிக் கட்டுரையே இருக்கிறது. மூன்றாவது, காற்று. சூடேறிய, பாசி அடர்ந்த, குறைந்த தண்ணீரில் பகலில் ஒட்சிசன் மிகுந்திருக்கும். இரவில் பாசியும் சுவாசிப்பதனால் விடியற்காலையில் அது மிகக் குறைந்துபோகும். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு குளக்கட்டில் நடப்பவர்கள் இக்காலத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டிருப்பார்கள். விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. மூச்சுத் திணறல் அது.

நான்காவது ஆபத்து நாம். ஒடுங்கி நிற்கின்ற மீனுக்கு அகன்ற கண் வலையே போதும். ஆனால் இலேசாக அகப்படுகின்றபோதுதான் சிறிய கண் வலையும், வலையை வளைத்துத் தண்ணீரை அடித்து மீனை விரட்டிப் பிடிக்கின்ற முறையும் வருகின்றன. அடுத்த மாரியில் முட்டையிட வேண்டிய மீன்கள் முழுதும் அந்த ஒடுங்கிய தண்ணீருக்குள்தான் இருக்கின்றன. வியாபாரி மொழியில் அது வருமானம். குளத்தின் மொழியில் அது விதைநெல்.

இங்கே நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குளத்துப் பருவம் சூரியனோடு போகிறது. எங்கட மாதங்கள் பிறையோடு போகின்றன. 2008 முதல் 2011 வரை ரமழான் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களைத் தொட்டு வந்தது. குளம் ஒடுங்கி மீன் மலிந்த காலம். 2024இலும் 2025இலும் அது மார்ச்சுக்கு வந்துவிட்டது. அப்போது குளத்தில் தண்ணீர் மிச்சம், சந்தையில் மீன் கொஞ்சம். "முந்தின நோன்பில் மீன் எவ்வளவு கிடைச்சுது, இப்ப எங்க?" என்று ஒப்பிடுகின்றவர்கள் குளம் அழிந்துபோயிற்று என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. ஒரு செப்டெம்பரை இன்னொரு செப்டெம்பரோடு ஒப்பிட்டால்தான் குளம் தேய்கிறதா வளர்கிறதா என்று தெரியும்.

மறந்துபோன பொடிமீன்

குளத்து மீன் என்றால் திலாப்பியா என்று ஆகிவிட்டதால் நாம் இழந்தது பொடிமீனை. வெவ சாலயாவும் சிறிய பெத்தியாக்களும் இக்குளங்களில் பெருந்தொகையாக இருக்கின்றன. சீக்கிரம் முதிர்ந்து சீக்கிரம் பெருகுகின்றவை. எமது உம்மம்மாமார் காலத்தில் இவற்றை அத்தாங்கில் கோலி, கழுவி, முள்ளோடு சேர்த்துப் புளியாணம் காய்ச்சினார்கள். மிஞ்சியதை உப்பிட்டுக் காய வைத்தார்கள். இன்று இவை வலையில் சிக்கினால் கரையில் கொட்டிவிடுவார்கள், அல்லது கோழிக்குப் போகும்.

சட்டப்படி குளங்களில் செவுள் வலையின் கண், இழுத்துப் பிடித்த நிலையில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. திலாப்பியாக் குஞ்சைக் காக்க வேண்டி வந்த விதி இது, நியாயமானது. ஆனால் முழு வளர்ச்சி அடைந்த பொடிமீனும் அந்தக் கண்ணுக்குள்ளால் போய்விடும். அதனால் பெரிய வளம் ஒன்று தொடப்படாமலே இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் உபாலி அமரசிங்க இதே பராக்கிரம சமுத்திரத்தில் பொடிக் கெண்டைகளைச் சிறிய கண் செவுள் வலையால் பிடிப்பது பற்றி ஆராய்ந்து 1985இல் எழுதினார். இந்த வழியிலான ஆய்வுகளின் சாரம் இலகுவானது. திலாப்பியாக் குஞ்சுகள் பெரும்பாலும் ஆழமற்ற கரையோரத்தில் நிற்கின்றன. கரையை விட்டு விலகிய ஆழமான இடத்தில் சிறிய கண் வலை போட்டால் அகப்படுவது பெரும்பாலும் பொடிமீன்தான், திலாப்பியாக் குஞ்சு அல்ல. அதாவது சிறிய கண் வலை எந்த இடத்திலும் கூடாது என்பதும் சரியல்ல, எங்கேயும் போடலாம் என்பதும் சரியல்ல. இடத்தையும் காலத்தையும் பார்த்துச் சங்கத்தின் கட்டுப்பாட்டோடு விடலாம்.

பங்களாதேசத்தில் எமது வெவ சாலயாவின் நெருங்கிய உறவான மோலா என்கின்ற பொடிமீனைக் குளங்களில் வளர்க்க ஊக்குவிக்கிறார்கள். முள்ளோடும் தலையோடும் முழுதாகத் தின்பதால் கல்சியமும், வைட்டமின் ஏயும் கிடைக்கின்றன என்பதே காரணம். பெரிய மீனின் சதைத் துண்டில் அவ்வளவு கிடையாது. வளர்கின்ற பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கின்ற வீட்டில் ஒரு கிலோ பால்மாவின் விலையை நினைத்துப் பார்த்தால் பொடிமீனைக் கரையில் கொட்டுவது எவ்வளவு பெரிய இஸ்ராப் என்று விளங்கும்.

காவல் இல்லாத நான்கு வருடம்

குளத்து மீனைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற சமயக் கருத்தின் அழுத்தத்தால் 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. குஞ்சு பொரிப்பு நிலையங்களும் கண்காணிப்பும் நின்றன. மீன்பிடி நிற்கவில்லை, சட்டந்தான் நின்றது. வலைக்கண் சிறுத்துக்கொண்டே போயிற்று. 1989இல் ஏறத்தாழ 39,000 தொன்னாக இருந்த உள்நாட்டு மீன் உற்பத்தி 1994இல் 12,000 தொன்னாக விழுந்தது. 1994இல் அரச ஆதரவு திரும்ப வந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மக்கள் "நக்டா" என்று அழைக்கின்ற நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. குளந்தோறும் மீனவர் சங்கங்கள் உருவாகின. அண்மைக்கால உற்பத்தி ஆண்டுக்கு 1 இலட்சம் தொன் அளவுக்கு வந்திருக்கிறது.

இதிலே எமக்குப் பாடம் இரண்டு. குளம் தாங்கும், திரும்ப எழும்பும். அல்லாஹ் அதற்கு அந்தச் சக்தியை வைத்திருக்கிறான். ஆனால் விழுவதற்கு நான்கு வருடமே போதும்.

சனிக்கிழமை மீன்

திருக்குர்ஆனின் அஃராஃப் அத்தியாயத்தில் கடற்கரை ஊர் ஒன்றைப் பற்றி வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தடை. தடையுள்ள அந்த நாளில் மீன்கள் மேலே தெரியும்படி வந்து நிற்கும், மற்ற நாட்களில் வராது. அவர்களில் ஒரு கூட்டத்தார் அந்தத் தடையை மீறினார்கள். முதல் நாளே வலையும் பள்ளமும் தயார்பண்ணி வைத்து, சனிக்கிழமை சிக்கிய மீனை ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள் என்று தப்ஸீர்களில் விளக்கம் சொல்லப்படுகிறது. சிறு வயதில் மத்ரஸாவில் படித்த இந்த வரலாற்றை நாம் தந்திரம் செய்வதற்கு எதிரான எச்சரிக்கையாக விளங்கியிருக்கிறோம். அது சரியே. ஆனால் சோதனை எந்த நேரத்தில் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். மீன் மிக இலேசாக அகப்படுகின்ற நேரத்தில்தான் "பிடிக்காதே" என்ற கட்டளை இருந்தது. கோடையில் ஒடுங்கிய குளமும் மாரியில் செந்நிறக் குஞ்சுப் பந்தோடு நிற்கின்ற விராலும் எமக்கு அப்படியான நேரங்கள். குஞ்சுக்குக் காவல் நிற்கின்ற விராலைத் தூண்டிலில் பிடிப்பது மிக இலேசு, குஞ்சை விட்டு அது ஓடாது. அதைப் பிடித்தால் குஞ்சுப் பந்து முழுவதும் அன்றைக்கே மற்ற மீன்களுக்கு இரை.

செய்யக்கூடியது என்ன? மூன்றைச் சொல்லலாம்.

ஒன்று, கன்னக் கூட்டம். போகம் தொடங்குமுன் எந்தத் திகதியில் துருசு திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவெடுக்கின்ற கூட்டம் அது. அங்கே விவசாயியின் குரலே கேட்கும்; மீனவரின் குரலுக்கு இடம் மிகக் குறைவு. எமது ஊர்களில் வயல்காரர்கள் நிறையப் பேர் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள். தண்ணீரைச் சட்டென்று இறக்காமல் படிப்படியாக இறக்குவதும், கோடை முடிவில் குளத்தின் நடுவே மீன் தங்கும் அளவு தண்ணீரை விட்டுவைப்பதும் நெல்லுக்குப் பெரிய நட்டமில்லாமல் பேசித் தீர்க்கக்கூடியவை. மீனவர் சங்கத்தை அந்தக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லி நாம் கேட்கலாம்.

இரண்டு, வாங்குகின்ற கை. உள்ளங்கை அளவு திலாப்பியாவையும் குஞ்சோடு பிடித்த தாய் விராலையும் வாங்க ஆளில்லையென்றால் பிடிக்கவும் ஆளிராது. பொடிமீனைக் கேட்டு வாங்கினால் வியாபாரி கொண்டுவருவார். சட்டியும் சந்தையும் குளத்தோடு பேசுகின்ற வழி இது.

மூன்று, பெயர்கள். பெத்தியா வகைகளுக்குச் சிங்களத்தில் தனித்தனிப் பெயர் இருக்க, எமது ஊர்களில் மூத்தவர்கள் சொல்லிவந்த தமிழ்ப் பெயர்கள் எழுதப்படாமலே போகின்றன. பொலன்னறுவையில் ஒரு பெயர், மூதூரில் ஒரு பெயர், இறக்காமத்தில் இன்னொரு பெயர் என்று இருக்கும். பாடசாலைப் பிள்ளைகள் மீனைப் படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் எந்த மாதத்தில் எவ்வளவு வந்தது என்பதையும் ஒரு கொப்பியில் பதிந்தாலே போதும். நான்கைந்து வருடம் தொடர்ந்தால் அது எந்தக் குளத்துக்கும் ஒரு நல்ல மீன் நாட்காட்டி ஆகிவிடும். பெயர் தெரியாத மீன் காணாமற் போனால் போனது என்றும் தெரியாது.